மூன்று முழு விசைப்பலகைக் கைபேசிகளும் நான்கு மில்லிமீற்றர்க் குமிழும்

கடந்த ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அப்பா தன்னுடைய நோக்கியா ஈ63 கைபேசியிலிருந்து எனக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் ஓர் எழுத்துக்கூட விடுபடவில்லை. ஓர் எழுத்துக்கூட இரட்டித்து விழவும் இல்லை. இரண்டரை மாதமாக இழுபட்ட வேலை ஒன்று அன்றுதான் முடிந்தது. முழு விசைப்பலகை கொண்ட மூன்று பழைய கைபேசிகளை ஒப்பிட்டு, அப்பாவின் கைக்கு எது பொருந்தும் என்று கண்டுபிடிப்பதற்காகத் தொடங்கிய வேலை இது. ஒப்பீட்டை முதலில் செய்து, திருத்தத்தை அதன் பிறகு செய்தபடியால், பொருந்தாத கைபேசியை ஒரு மாதம் அவர் கையில் கொடுத்து வைத்திருந்தேன். எங்கே பிழைத்தது, எப்படிச் சரிவந்தது என்பதை அளவுகளும் செலவும் மறந்துபோவதற்குள் எழுதி வைக்கிறேன்.

அப்பா நாற்பது வருடம் தச்சுத் தொழில் செய்தவர். மரம் சீவும் இயந்திரத்தின் இரைச்சலுக்குள்ளேயே காலம் போனதால் இரண்டு காதும் மந்தமாகிவிட்டன. முகம் பார்த்துப் பேசினால் விளங்கிக்கொள்வார். கைபேசியில் பேசினால் ஒன்றும் விளங்காது. ஆகவே அவருக்குக் குறுஞ்செய்திதான் வழி. தொடுதிரைக் கைபேசி ஒன்றை வாங்கிக் கொடுத்துப் பார்த்தோம். உளியும் வாளும் பிடித்துக் காய்த்துப்போன விரல் நுனியை அந்தத் திரை பாதி நேரம் கண்டுகொள்ளவே இல்லை. விரலை நனைத்துக்கொண்டு தொட்டால் தொடாத இடத்திலும் எழுத்து விழுந்தது. பன்னிரண்டு விசைச் சின்னக் கைபேசியில் எஸ் எழுத்துக்காக ஏழாம் விசையை நான்கு தடவை அமர்த்த வேண்டும். அமர்த்திய எண்ணிக்கை இடையில் தவறிவிட்டால் மனிதருக்குக் கோபம் வந்துவிடும். ஓர் எழுத்துக்கு ஒரு விசை என்று இருக்கும் கைபேசிதான் வேண்டும் என்ற முடிவுக்கு அப்படித்தான் வந்தோம்.

கையில் கிடைத்தவை மூன்று. முதலாவது, நான் முன்பு பாவித்து மேசை இழுப்பறைக்குள் போட்டு வைத்திருந்த நோக்கியா ஈ63. அது 2008ஆம் ஆண்டு நவம்பரில் அறிவிக்கப்பட்ட வகை; 59 மி.மீ. அகலம், 13 மி.மீ. தடிப்பு, 1500 மில்லி அம்பியர் மணி பீபீ-4எல் பற்றரி. இரண்டாவது, மச்சான் இலவசமாகத் தந்த நோக்கியா சி3-00. இது 2010ஆம் ஆண்டு வகை. அகலம் 58 மி.மீ.யை ஒட்டி வரும், பீஎல்-5ஜே பற்றரி 1320. மூன்றாவது, மட்டக்களப்பு நகரில் பழைய கைபேசி விற்கும் கடை ஒன்றில் 3000 ரூபாவுக்கு எடுத்த பிளாக்பெரி கேர்வ் 8520. இது 2009இல் வந்தது. அகலம் 60 மி.மீ., சீ-எஸ்2 பற்றரி 1150. மூன்றிலும் திரை 320க்கு 240 புள்ளிகள். மூன்றிலும் வைஃபை உண்டு. ஆனால் வட்ஸ்அப் 2017 ஜூன் 30உடன் ஈ63 இயங்கும் சிம்பியன் இயங்குதளத்தையும், அந்த வருடம் டிசம்பர் 31உடன் பிளாக்பெரியையும், 2018 டிசம்பர் 31உடன் சி3 இயங்கும் எஸ்40ஐயும் கைவிட்டுவிட்டது. ஆகவே வைஃபையை எண்ணி இவற்றை எடுப்பதில் பயனில்லை. பிளாக்பெரியின் பழைய இயங்குதளத்துக்கான சேவைகள் 2022 ஜனவரி 4ஆம் திகதியோடு நிறுத்தப்பட்டன என்பதும் எனக்குத் தெரியும். இருந்தாலும் எங்கள் வீட்டில் என்னுடைய சிம் அட்டையைப் போட்டபோது அழைப்பும் குறுஞ்செய்தியும் போய் வந்தன. எனக்கு வேண்டியதும் அவ்வளவுதான்.

வேணியர் இடுக்கிமானியால் மூன்று விசைப்பலகைகளையும் அளந்தபோது எதிர்பாராத ஒன்றைக் கண்டேன். முதல் வரிசையில் கியூவின் நடுவிலிருந்து பீயின் நடுவரை அளந்து ஒன்பதால் பிரித்தால், மூன்றிலுமே ஒரு விசையின் நடுவுக்கும் அடுத்ததன் நடுவுக்கும் இடைப்பட்ட தூரம் ஏறத்தாழ ஐந்தரை மில்லிமீற்றர்தான். ஏறக்குறைய 60 மி.மீ. அகலத்துக்குள் பத்து விசையை அடுக்கினால் வேறெப்படி வரும்? எனவே எது பெரிய விசைப்பலகை என்று கேட்பதில் பொருளில்லை. வேறுபாடு விசையின் உருவத்திலும், விசைகளுக்கு நடுவே இடைவெளி விட்டிருக்கிறதா என்பதிலும், அமர்த்தும்போது விரலுக்குத் தெரியும் சொடுக்கிலும்தான் இருந்தது. பிளாக்பெரியில் ஒவ்வொரு விசையும் தனித்தனியாக நிற்கிறது, நடுவே பள்ளம் உண்டு. அதனால் விசையின் மேற்பரப்பு சிறிது. ஈ63இல் விசைகள் நெருங்கியிருக்கின்றன, மேற்பரப்பு அகலமானது, வழுக்காதது. சி3இன் விசைகளும் நெருங்கியவையே. ஆனால் மேற்பரப்பு வழவழப்பாக உப்பி நிற்கும்.

சோதனைக்கு ஒரு வசனம் எடுத்துக்கொண்டேன். அப்பா எனக்கு வழமையாக அனுப்பும் வசனம் அது: "நாளைக்கு காலைல பலகை எடுக்க வாறன்." அவர் இதை ஆங்கில எழுத்தில்தான் அடிப்பார். அப்படி அடித்தால் 36 எழுத்து, 4 இடைவெளி, மொத்தம் 40 அமர்த்தல். அந்த 36இல் ஏ என்ற ஒரு விசைக்கு மட்டும் 14 அமர்த்தல் போகிறது. ஆங்கிலத்தில் எழுதுகிறவர்களின் கைபேசியில் வேறு விசைகள் தேயலாம். ஆங்கில எழுத்தில் தமிழ் அடிக்கிற எங்களுடைய கைபேசியில் முதலில் தேய்வது ஏ தான். பழைய கைபேசி வாங்கப் போகிறவர்கள் கடையிலேயே ஏ விசையை ஒரு இருபது தடவை அமர்த்திப் பார்த்துவிட்டு விலை பேசுவது நல்லது.

முதல் சோதனையில் அந்த வசனத்தை ஒவ்வொரு கைபேசியிலும் பத்துத் தடவை நானே அடித்தேன். 400 அமர்த்தலுக்குப் பிழைகளை எண்ணினால் பிளாக்பெரியில் 6, சி3இல் 9, ஈ63இல் 31. எண்ணிக்கையைப் பார்த்ததும் ஈ63ஐ ஒதுக்கிவிட்டேன். பிளாக்பெரியின் நடுவிலுள்ள ஒளியியல் தொடுதட்டு அப்பாவுக்குச் சரிவரவில்லை. முன்னைய பிளாக்பெரிகளில் உருளும் குண்டு இருந்தது. அதற்குப் பதிலாக இந்தத் தட்டு முதலில் வந்தது 8520இல்தான். மரத்தூள் படிந்த விரலை அதன்மீது வைத்தால் திரையில் தெரிவு ஒரு வரி தாண்டிப் போய் நிற்கும். எனவே மிஞ்சிய சி3ஐ அப்பாவிடம் கொடுத்து, வேலை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு மாதம் அவர் பொறுத்துக்கொண்டார். வந்த செய்திகளில் பக்கத்து எழுத்துகள் இரண்டிரண்டாக விழுந்திருந்தன. வழவழப்பான விசையிலிருந்து அவருடைய தடித்த விரல் சறுக்கி அடுத்த விசையையும் சேர்த்து அமர்த்தியிருக்கிறது. அவர் பெருவிரலால் அடிப்பதில்லை. கைபேசியை இடது உள்ளங்கையில் வைத்துக்கொண்டு வலது சுட்டுவிரலால் ஒவ்வொன்றாகக் குத்துவார். அதை நான் சோதனையில் கணக்கெடுக்கவே இல்லை. பிறகு ஒருநாள் அவராகவே இழுப்பறையைத் திறந்து ஈ63ஐ எடுத்துக் கொஞ்ச நேரம் விசைகளைத் தடவிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "மகன், இதுதான் கைக்கு நல்லம். இந்த ஒரு கட்டைதான் செத்துக் கிடக்கு; மறுகா ஒருக்கா அமத்தினாத்தான் விழுது."

அவர் காட்டியது ஏ விசை. எனக்குக் காதால் கேட்கும் சொடுக்கு அவருக்குக் கேட்காது. விரலுக்குக் கீழே குமிழ் மடங்கி எழும் அந்தத் துடிப்பைக் கொண்டுதான் எழுத்து விழுந்தது என்று அவர் அறிகிறார். நான் ஈ63இன் விசைப்பலகையே கூடாது என்று தீர்மானித்த இடத்தில், அவர் ஒரே ஒரு விசையில் அந்தத் துடிப்பு இல்லை என்று கண்டிருந்தார். நோயாளி ஒருவனையும் சுகதேகி இருவரையும் ஒரே ஓட்டத்தில் ஓடவிட்டு நான் முடிவு சொல்லியிருக்கிறேன் என்பது அப்போதுதான் உறைத்தது. 31 பிழையை எழுதி வைத்த தாளை எடுத்துப் பார்த்தால், அவற்றில் 22 பிழை ஏ விடுபட்டதும் இரட்டித்ததுமே.

திறப்பதற்கு வேண்டிய கருவிகள் கொஞ்சம்தான்: ரி6 நட்சத்திரமுனைத் திருப்புளி, பழைய மீள்நிரப்பு அட்டை ஒன்று, சாவணம், மல்ரிமீற்றர், கைவில்லை. பின்மூடி, பற்றரி, திருகாணிகள் என்று வரிசையாகக் கழற்றி, முன்சட்டத்தை அட்டையால் மெல்ல நெம்பினால் விசைப்பாய் தனியாக வந்துவிடும். அதன் கீழே, சுற்றுப்பலகையோடு ஒட்டியபடி, மெல்லிய பிளாஸ்ரிக் தாள் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு விசைக்கும் ஒன்றாக அந்தத் தாளின் அடியில் துருப்பிடிக்காத உருக்கினால் ஆன சிறு குமிழ்கள் ஒட்டப்பட்டிருக்கின்றன. பலகையில் ஒவ்வொரு குமிழுக்கும் கீழே ஒரு பொன்முலாம் வளையமும் அதன் நடுவே ஒரு பொன்முலாம் பொட்டும் உண்டு. குமிழின் விளிம்பு எப்போதும் வளையத்தில் நிற்கும். அமர்த்தினால் அதன் நடு கீழே மடங்கிப் பொட்டைத் தொடும். விசைப்பலகை என்பது அவ்வளவுதான்.

இங்கே எனது இரண்டாவது பிழை. தாளை உரிக்கப் பயந்து, ஐசோபுரொப்பைல் அற்ககோலைப் பல் துலக்கும் தூரிகையில் தாராளமாகத் தோய்த்து, ஏ விசையின் ஓரமாகத் தேய்த்தேன். அன்று இரவு விசை நன்றாக வேலை செய்தது. அடுத்த நாள் காலையில் ஏ திரும்பவும் செத்துவிட்டது. அதோடு பக்கத்திலிருந்த கியூ, எஸ், இசெட் மூன்றும் சேர்ந்து போயின. உள்ளே இருந்த உப்பையும் வியர்வை அழுக்கையும் அற்ககோல் இளக்கி, தாளின் பசைக்குள்ளால் பக்கத்துக் குமிழ்களுக்குக் கொண்டுபோய் விட்டிருந்தது. நாங்கள் இருப்பது ஒரு பக்கம் வாவி, மறுபக்கம் கடல் என்ற ஒடுங்கிய நிலத்தில். எங்கள் ஊரான கல்லடியில் யன்னல் கம்பியும் சைக்கிள் சங்கிலியும் துருப்பிடிக்கும் வேகத்தைப் பார்த்தவர்களுக்கு, பல வருடம் சட்டைப்பையில் இருந்த கைபேசிக்குள் எவ்வளவு உப்பு இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை.

தாளை உரித்தே ஆகவேண்டும் என்று ஆனது. முடி உலர்த்தியின் குறைந்த சூட்டை ஒரு சாண் தூரத்திலிருந்து ஒரு நிமிடம் காட்டி, மூலை ஒன்றைச் சாவணத்தால் பிடித்து, தாளைப் பலகையோடு படிந்தாற்போல் பின்னுக்கு மடித்து மடித்து உரித்தேன். நேரே மேலே இழுத்தால் குமிழ்கள் தாளை விட்டுப் பலகையில் தங்கிவிடும். எனக்கு இரண்டு அப்படித் தங்கின. கைவில்லைக்குள் பார்த்தபோது ஏ விசையின் குமிழில் விளிம்பிலிருந்து நடுவை நோக்கி மயிர்போல ஒரு வெடிப்புத் தெரிந்தது. அதன் கீழிருந்த பொட்டு கறுத்திருந்தது. வளையத்தின் ஓரத்தில் பச்சைப் பூப்பு.

மல்ரிமீற்றரால் மின்தடையை அளந்தேன். இந்தப் பலகையில் ஒரே கிடைவரிசையின் வளையங்களும் ஒரே நிரலின் பொட்டுகளும் தங்களுக்குள் இணைந்திருப்பதை மீற்றரின் ஒலியைக் கொண்டு கண்டுபிடித்ததால், ஒரு முனையை அடுத்த விசையின் வளையத்திலும் மறுமுனையைக் கீழ் விசையின் பொட்டிலும் வைத்துக்கொண்டு குமிழை அமர்த்தினால் போதும். நல்ல விசைகள் பத்து ஓமுக்குக் குறைவாகக் காட்டின. ஏ விசை 400 ஓமில் தொடங்கிச் சில ஆயிரம் வரை ஆடிக்கொண்டே இருந்தது. இந்த அளவீட்டில் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: ஒரு முழுக் கிடைவரிசையோ ஒரு முழு நிரலோ வேலை செய்யாவிட்டால் பிழை குமிழில் இராது, பலகையின் இணைப்புக் கோட்டில் இருக்கும், அப்படியானால் இந்தத் திருத்தம் உதவாது. எனக்குச் செத்தவை அடுத்தடுத்துக் குவிந்திருந்த நான்கு விசைகள் மட்டும்.

கழுவுவதற்கு இம்முறை ஒழுங்கைக் கவனமாகக் கடைப்பிடித்தேன். உப்பைக் கரைப்பது தண்ணீர்; தண்ணீரை வெளியேற்றுவது அற்ககோல். வாகனப் பற்றரிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் போத்தல் ஒன்றை வாகனம் திருத்தும் கடையில் 250 ரூபாவுக்கு வாங்கினேன். வாங்கும்போது அது தண்ணீர்தான், அமிலம் கலந்தது அல்ல என்பதைப் போத்தலில் வாசித்து உறுதிப்படுத்திக்கொள்வது முக்கியம். பஞ்சுக்குச்சியை அந்தத் தண்ணீரில் தோய்த்து நான்கு இடத்தையும் மூன்று தடவை துடைத்து, பிறகு அற்ககோலால் துடைத்து, பலகையை வறண்ட கச்சான் காற்று அடிக்கும் யன்னலோரத்தில் ஒரு பகல் வைத்தேன். ஈரக் கைபேசியை அரிசிக்குள் புதைத்து வைப்பது எங்கள் பக்கத்தில் வழக்கம். கச்சான் காலத்தில் காற்றே அரிசியை விட நன்றாக உலர்த்தும்; உள்ளே போன உப்பை அரிசி ஒருபோதும் வெளியே எடுக்காது.

கறுத்த பொட்டை எழுதுகோல் அழிக்கும் வெள்ளை றப்பரால் தேய்க்கலாம் என்று பலர் சொல்வார்கள். நான் ஏ பொட்டில் ஐந்தாறு தடவை தேய்த்ததும் கறுப்புப் போனது, கூடவே பொன் நிறமும் ஓரத்தில் மங்கத் தொடங்கியது. உடனே நிறுத்திவிட்டேன். பொன்முலாம் போனால் கீழே இருக்கும் உலோகம் எங்கள் காற்றுக்கு ஒரு மாரி தாங்காது. மற்ற மூன்று பொட்டுக்கும் தண்ணீரும் அற்ககோலும் மட்டும் போதுமாக இருந்தன.

வெடித்த குமிழுக்கு மாற்று வேண்டும். தனிக்குமிழ்கள் நூறு நூறாகப் பொட்டலத்தில் கிடைக்கும். கொழும்பிலிருந்து தபாலில் எடுப்பித்தேன். இங்கே மூன்றாவது பிழை. விசையின் மேற்பரப்பை அளந்துவிட்டு 5 மி.மீ. குமிழ் கேட்டிருந்தேன். வந்த குமிழை வளையத்தில் வைத்தால் விளிம்பு வளையத்துக்கு வெளியே பச்சைப் பூச்சின்மேல் போய் நின்றது. அமர்த்துவதற்கும் பலம் வேண்டியிருந்தது. வளையத்தின் வெளிவிட்டத்தை அளந்திருந்தால் முதலிலேயே தெரிந்திருக்கும்: 4.1 மி.மீ. இரண்டாவது தடவை 4 மி.மீ. குமிழ் எடுப்பித்தேன். 480 ரூபாவும் ஒன்பது நாளும் வீணாயின. அந்த ஒன்பது நாளில், சிகரெட் பெட்டியின் ஈயத்தாளை வட்டமாக வெட்டி வைத்தும் பார்த்தேன். எழுத்து விழுந்தது, சொடுக்கு அறவே இல்லை. அப்பா ஒரு தடவை அமர்த்திவிட்டுக் கைபேசியைத் திருப்பித் தந்துவிட்டார்.

புதுக் குமிழைச் சாவணத்தால் வளையத்தின் மேல் சரியாக நடுவில் வைத்து, அதன்மேல் பத்து மில்லிமீற்றர் அகலமுள்ள, வெப்பம் தாங்கும் மஞ்சள் ஒட்டுநாடாவை ஒட்டினேன். நான்கு விசைக்கும் நான்கு புதுக் குமிழ். மீற்றர் இரண்டு முதல் நான்கு ஓம் வரை காட்டியது. சொடுக்கும் கூர்மையாக வந்தது. ஆனால் மறுநாள் மதியம், வெயில் ஏறிய நேரத்தில், ஏ விசை அமர்த்தியபடியே கீழே நின்றுவிட்டது. திரையில் ஏ ஏ ஏ என்று ஓடிக்கொண்டிருந்தது. திரும்பத் திறந்து, கழற்றிய பழைய தாளை வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்த்தபோதுதான் காரணம் விளங்கியது. அந்தத் தாளில் ஒரு குமிழின் அறைக்கும் அடுத்த குமிழின் அறைக்கும் நடுவே பசை இல்லாத ஒடுங்கிய வாய்க்கால் விட்டிருக்கிறார்கள். குமிழ் கீழே போகும்போது அதன் அடியிலுள்ள காற்று அந்த வாய்க்காலால் அடுத்த அறைக்குப் போய், விரலை எடுத்ததும் திரும்பி வரும். நான் நாடாவால் நாலாபக்கமும் இறுக்கி அடைத்ததால் காற்றுக்குப் போக வழியில்லாமல் ஒரு தடவை பிதுங்கி வெளியேறியது திரும்பி வரவில்லை. குமிழ் உறிஞ்சுகிண்ணம் போல ஒட்டிக்கொண்டது. சவர அலகால் நாடாவில் ஒரு மில்லிமீற்றர் அகலத்துக்குக் கீறி, ஒவ்வொரு குமிழிலிருந்தும் அடுத்ததற்கு ஒரு வழி விட்டேன். அதன் பிறகு இன்றுவரை எந்த விசையும் நின்றதில்லை.

பழைய பற்றரி உப்பியிருந்ததால் பீபீ-4எல் ஒன்றும் புதிதாக வாங்கினேன். இதே பற்றரி நோக்கியா ஈ71இலும் ஈ72இலும் போகும். அதனால் இன்னும் கிடைக்கிறது. பற்றரியின் மேல் 1500 என்று அச்சிட்டிருந்ததை அளவு காட்டும் சாஜரில் போட்டுப் பார்த்தால் 1080தான் ஏறியது. குறுஞ்செய்திக்கு மட்டும் பாவிக்கும் அப்பாவுக்கு அது மூன்று நாள் வருகிறது, போதும். ஈ63ஐ அதன் யூஎஸ்பி வழியாக ஏற்ற முடியாது. மெல்லிய ஊசிமுனை கொண்ட பழைய நோக்கியா சாஜர்தான் வேண்டும், அதைத் தொலைக்கக் கூடாது. சிறிய சிம் அட்டையை மாற்றுச் சட்டத்தில் வைத்துச் செருகுகிறவர்கள், அட்டை இல்லாத வெறும் சட்டத்தை ஒருபோதும் உள்ளே தள்ளக் கூடாது. வெளியே இழுக்கும்போது அது உள்முனைகளைக் கொழுவி வளைத்துவிடும். நான் பின்பக்கம் மெல்லிய ஒட்டுநாடா போட்டு, அட்டையையும் சட்டத்தையும் ஒன்றாக்கிவிட்டே செருகினேன்.

இப்போது ஒப்பீட்டை முதலிலிருந்து செய்தேன். நியாயமாக இருக்கட்டும் என்று மற்ற இரண்டின் விசைப்பாயையும் கழற்றித் துடைத்தேன். அதே வசனம், பத்துத் தடவை. நான் அடித்ததில் ஈ63இல் 4 பிழை, பிளாக்பெரியில் 5, சி3இல் 8. பெருவிரலால் வேகமாக அடிக்கும் எனக்கு இன்றைக்கும் பிளாக்பெரிதான் பிடிக்கும். விசைகளுக்கு நடுவேயுள்ள பள்ளம், பார்க்காமலே விரலை வழிநடத்துகிறது. ஆனால் அப்பா அடித்தபோது கணக்கு மாறியது: ஈ63இல் 11, சி3இல் 19, பிளாக்பெரியில் 23. ஒரு சுட்டுவிரலால் குத்துகிறவருக்குப் பள்ளம் உதவவில்லை; அகலமான, வழுக்காத மேற்பரப்புத்தான் உதவியது.

எண் அடிப்பதிலும் இதே கதை. பிளாக்பெரியில் ஒன்று, இரண்டு, மூன்று என்ற எண்கள் டபிள்யூ, ஈ, ஆர் விசைகளில் இடப்பக்கமாக இருக்கின்றன. ஈ63இல் எண்கட்டம் விசைப்பலகையின் நடுவில், ஐந்தாம் எண் ஜீ விசையில். சாதாரண தொலைபேசியில் நடு எண்ணைத் தடவித் தேடிப் பழகிய அப்பாவின் விரல் ஈ63இல் நேரே நடுவுக்குப் போனது. பிளாக்பெரியில் ஒவ்வொரு எண்ணுக்கும் கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு குனிந்து தேடினார். இடைவெளி விசையை அமர்த்திப் பிடித்தால் ஈ63இன் பின்பக்க விளக்கு ரோர்ச்சாக எரியும் என்பதும் அவருக்கு இப்போது பெரிய வசதி. மின்சாரம் நின்ற இரவில் கிணற்றடிக்குப் போக வேறு ரோர்ச் தேடுவதில்லை.

தமிழ் எழுத்திலேயே அடிக்கக்கூடிய கைபேசியைத் தேடியிருக்கலாமே என்று தங்கச்சி கேட்டாள். என்னுடைய ஈ63இல் தமிழ்ச் செய்தி வந்தால் கட்டம் கட்டமாகத்தான் தெரிகிறது; அது உண்மையான குறை, என்னால் தீர்க்க முடியவில்லை. ஆனால் தமிழில் அடித்தால் ஒரு செய்திக்குள் நாலில் ஒரு பங்குதான் கொள்ளும், செலவு கூடும் என்று நான் கொண்டிருந்த எண்ணம் பிழை என்று எண்ணிப் பார்த்தபோது தெரிந்தது. ஒரு குறுஞ்செய்தியில் ஆங்கில எழுத்தானால் 160, தமிழ் எழுத்தானால் 70 குறிகள் அடங்கும். புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியாக எண்ணப்படும், ஆகவே 'மட்டக்களப்பு' என்ற எட்டெழுத்துச் சொல்லுக்கு 12 குறி போகும். அப்படியிருந்தும், அப்பாவின் பலகை வசனம் ஆங்கில எழுத்தில் 40 குறி, தமிழ் எழுத்தில் 32 குறி. வசனங்களுக்கு நடுவே இடைவெளியும் விட்டால், ஒரு செய்திக்குள் ஆங்கில எழுத்தில் அப்படி மூன்று வசனம் கொள்ளும்; தமிழில் இரண்டு கொள்ளும். நாலில் ஒன்று என்று நான் நினைத்திருந்தது மூன்றுக்கு இரண்டு என்று வந்தது.

செலவு: பிளாக்பெரி 3000, அற்ககோல் 600, வடித்த தண்ணீர் 250, வீணான குமிழ் 480, சரியான குமிழ் 520, மஞ்சள் நாடா 450, பற்றரி 1450, சிம் சட்டம் 100, ஆக 6850 ரூபா. தவறான குமிழையும் பிளாக்பெரியையும் கழித்தால் 3370 ரூபாவுக்கு ஈ63 திருந்தியிருக்கும். அடுத்த தடவை செய்தால், கைபேசியைத் திறக்கு முன் ஒவ்வொரு விசையையும் இருபது தடவை அமர்த்தி, எது விடுகிறது என்று தாளில் குறித்துக்கொள்வேன். தாளை முதல் நாளே உரிப்பேன். வளையத்தை அளந்த பிறகே குமிழுக்குச் சொல்லுவேன். பாவிக்கப் போகிறவரையே அடிக்கவிட்டுப் பிழையை எண்ணுவேன்.

குமிழ் வைக்கும்போது பலகை மேசையில் நகர்ந்துவிடுவதுதான் எனக்கு மிகவும் கஷ்டமாக இருந்தது. ஒரு கையால் பலகையையும் மறுகையால் சாவணத்தையும் பிடித்தால் நாடாவை ஒட்ட மூன்றாவது கை வேண்டும். அப்பா அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, முதிரைத் துண்டு ஒன்றில் பலகையின் உருவத்துக்கு மூன்று மில்லிமீற்றர் ஆழத்தில் பள்ளம் வெட்டித் தந்தார். சுற்றிவர அரை மில்லிமீற்றர் இளக்கம் விட்டிருக்கிறார். பலகை உள்ளே இறங்கி ஆடாமல் நிற்கிறது, எடுப்பதற்கு ஓரத்தில் விரல் நுழையவும் இடம் இருக்கிறது. 4 மி.மீ. குமிழ் இன்னும் 96 மிஞ்சியிருக்கின்றன. இப்போது அந்தப் பள்ளத்தின் ஒரு பக்கத்தை அவர் சி3இன் பலகைக்காக அகட்டிக்கொண்டிருக்கிறார். அதன் எச் விசை போன கிழமையிலிருந்து இரட்டித்து விழுகிறது.